ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாத வண்டுகள்

மழைக்காட்டில் புதிய வண்டினம் ஒன்றைப் பிடிப்பது பெரிய வேலை இல்லை. தரையில் கிடக்கும் இலைச்சருகை வாரிச் சல்லடையில் சலித்து, கீழே இறங்கும் தூளைச் சிறு வலைப்பைகளில் நிரப்பி, விங்க்லர் எனப்படும் துணிக்கூண்டுக்குள் தொங்கவிட்டால் போதும். சருகு காயக் காய உள்ளே ஒளிந்திருக்கும் உயிர்கள் ஈரம் தேடி அலைந்து, அடியில் கட்டியிருக்கும் ஆல்கஹால் புட்டிக்குள் விழும். இரண்டு மூன்று நாள் கழித்துப் புட்டியைக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்தால் எறும்பு, உண்ணி, சிலந்திகளுக்கு நடுவே நீண்டு மெலிந்த, குட்டைச் சிறகுள்ள வண்டுகள் பல கிடக்கும். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாதவையே அவற்றில் அதிகம். அவற்றுள் ஒன்றிரண்டாவது இதுவரை அறிவியல் பெயர் பெறாததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது பெயர் பெறாததுதான் என்று நிறுவுவது பெரிய வேலை. அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். பல நேரம் அந்த வேலை தொடங்கப்படுவதே இல்லை.

காடுகள் அழியும் வேகத்தில் எத்தனையோ உயிரினங்கள் பெயர் பெறாமலே மறைகின்றன என்று எல்லோரும் சொல்கிறோம். அது உண்மை. ஆனால் பெயரிடும் வேகத்தைக் கூட்ட இன்று முன்வைக்கப்படும் வழிகளில் பல, தாமதம் எங்கே ஏற்படுகிறது என்பதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். சேகரிப்பதில் தாமதம் குறைவு, எழுதுவதிலும் குறைவு. ஒப்பிடுவதில்தான் காலம் போகிறது. புட்டியில் விழுந்த அந்தக் குட்டைச் சிறகு வண்டுகளை, அதாவது ரோவ் வண்டுகளை, வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம், இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாகத் தெரியும் இன்னொரு விலங்குக் கூட்டம் இல்லை என்பதுதான்.

ரோவ் வண்டுகள் ஸ்டாஃபிலினிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. வண்டு என்றதும் முதுகு முழுவதையும் மூடும் கெட்டியான உறைச்சிறகுதான் நம் நினைவுக்கு வரும். இவற்றுக்கு அது மார்பை ஒட்டிச் சிறு சதுரமாக நின்றுவிடுகிறது. வயிற்றுக் கண்டங்கள் வெளியே தெரிகின்றன. பறக்கும் பின்சிறகுகள் அந்தச் சிறு சதுரத்துக்கு அடியில் மடிந்து கிடக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பதிவு செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, இடச் சிறகும் வலச் சிறகும் வெவ்வேறு விதமாக மடிகின்றன என்றும், வண்டு தன் வயிற்றை வளைத்தே அவற்றை உள்ளே தள்ளுகிறது என்றும் காட்டியது. முதுகுக் கவசம் குறைந்ததால் உடல் வளையும் தன்மை பெற்றது. அந்த உடலைக் கொண்டு சருகு, மண், மரப்பட்டை, சாணம், காளான், எறும்புக் கூடு, கரையான் புற்று என எல்லாவற்றுக்குள்ளும் இவை புகுந்துவிட்டன. பெயரிடப்பட்டவை இன்று 66,000ஐத் தாண்டிவிட்டன; விலங்குலகில் இதைவிடப் பெரிய குடும்பம் இல்லை. முன்பு தனிக் குடும்பமாக இருந்த செலாஃபிடே 1995இலும், ஸ்கிட்மெனிடே 2009இலும் இதற்குள் கொண்டுவரப்பட்டதும் இந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம். ஸ்டெனஸ் என்ற ஒரே பேரினத்தில் 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஆயிரத்துக்கும் அதிகமானவற்றை விவரித்தவர் ஃபோல்கர் புட்ஸ் என்ற ஜெர்மானியர் ஒருவரே. ஒரு பேரினம் முழுவதும் ஒருவருடைய கண்ணையும் ஆயுளையும் நம்பி நிற்பது இந்தத் துறையில் வழக்கமாகிவிட்டது.

இன்னும் எத்தனை மிச்சம்? 1982இல் டெர்ரி எர்வின் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பனாமா காட்டில் ஒரே வகை மரத்தில் 19ஐத் தேர்ந்து, உச்சிக்குப் பூச்சிமருந்துப் புகை செலுத்தி, விழுந்தவற்றை எண்ணினார். சுமார் 1,200 வண்டினங்கள் கிடைத்தன. அதை வைத்து, வெப்பமண்டலத்தில் கணுக்காலிகள் மட்டுமே 3 கோடி இனங்கள் இருக்கலாம் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கு பிறகு வெகுவாகக் குறைக்கப்பட்டது. 2015இல் நைஜல் ஸ்டார்க்கும் உடன் ஆய்வாளர்களும் சொன்னது வண்டுகள் 15 லட்சம், பூச்சிகள் மொத்தம் 55 லட்சம். பெயர் பெற்ற வண்டுகள் ஏறத்தாழ 4 லட்சம் என்பதால், குறைத்த கணக்கின்படியும் நான்கில் மூன்று பங்கு வண்டுகளுக்குப் பெயர் இல்லை. எர்வினின் எண் தவறியிருக்கலாம். அவர் கேட்ட கேள்வியின் கனம் குறையவில்லை.

சரி, புட்டியிலிருந்து எடுத்த ஒரு வண்டு தட்டில் இருக்கிறது. அடுத்து என்ன?

உலர்ந்த மாதிரியாக இருந்தால் முதலில் வெந்நீரில் ஊறப்போட வேண்டும். மூட்டுகள் இளகிய பிறகு, முனை வளைத்த நுண் ஊசிகளால் வயிற்றின் கடைசிக் கண்டங்களைப் பிரித்து உள்ளிருக்கும் ஆண் இணையுறுப்பை வெளியே எடுப்பார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்தால் தசையெல்லாம் கரைந்து, கைட்டின் கூடு மட்டும் தேன்நிறத்தில் தெளிவாக நிற்கும். அதைக் கிளிசரினில் இட்டு, பக்கவாட்டிலும் அடியிலும் திருப்பித் திருப்பி நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக இருக்கும் இரண்டு வண்டுகளில் ஒன்றின் உறுப்பு நுனியில் கொக்கி இருக்கும், மற்றதில் நுனி தட்டையாக முடியும். முடியின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள அந்தக் கொக்கிதான் பல பேரினங்களில் இனத்தைத் தீர்மானிக்கிறது. வேலை முடிந்ததும் உறுப்பை ஒரு சிறு ஒளிபுகும் அட்டையில் பிசினிட்டுப் பதித்து, வண்டு குத்தப்பட்டிருக்கும் அதே ஊசியில் கீழே செருகிவிடுவார்கள். உறுப்பும் உடலும் பிரிந்துவிட்டால் இரண்டுக்கும் மதிப்பில்லை. பெண் மாதிரி மட்டும் கிடைத்தால் விந்துப்பையின் வடிவத்தைப் பார்ப்பார்கள். அதுவும் கைகொடுக்காத பேரினங்கள் உண்டு. அப்போது அந்த மாதிரி ஆண் கிடைக்கும்வரை காத்திருக்கும்.

இதெல்லாம் கைப்பழக்கம். ஆர்வமுள்ள மாணவர் நல்ல ஆசிரியரிடம் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். உண்மையான தடை இதற்கு அடுத்தது. தட்டில் இருக்கும் கொக்கியை எதனோடு ஒப்பிடுவது?

விலங்குப் பெயர்களுக்கு முந்தியதே செல்லும் என்பது சட்டம். தொடக்கப்புள்ளி லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூல். ஆகவே ஒரு வண்டைப் புதியது என்று சொல்பவர், 1758 முதல் இன்றுவரை அந்தக் கூட்டத்தில் யாரும் அதற்குப் பெயரிடவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இலங்கையிலோ தென்னிந்தியாவிலோ ஒரு ரோவ் வண்டைப் பிடித்தவருக்கு இது என்ன பொருள் தருகிறது என்று பார்ப்போம். இலங்கையில் காப்பித் தோட்டம் நடத்திய ஜெர்மானியர் ஜான் நீட்னர் அனுப்பிய வண்டுகளை வைத்து, குஸ்தாவ் கிராட்ஸ் 1859இல் ஜெர்மன் மொழியில் இந்தப் பகுதியின் ரோவ் வண்டுகளைப் பற்றி எழுதினார். அவருடைய மாதிரிகள் பெர்லினுக்கு அருகே ம்யூன்ஷபெர்க்கில் இருக்கின்றன. ரஷ்யரான மோச்சுல்ஸ்கி அதே காலத்தில் மிகச் சுருக்கமான விவரிப்புகளை வெளியிட்டார், அவை மாஸ்கோவில். பிரெஞ்சுக்காரர் ஃபோவெல்லின் சேகரிப்பு பிரஸ்ஸல்ஸில். ஆஸ்திரியாவில் பத்திரப்பதிவு வழக்கறிஞராக இருந்துகொண்டே சுமார் 5,000 ரோவ் வண்டினங்களுக்குப் பெயரிட்ட மாக்ஸ் பெர்ன்ஹவுரின் சேகரிப்பு சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில். எல்லாவற்றுக்கும் மேலாக மால்கம் கேமரன்: பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், பிறகு டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். பர்மாவையும் இலங்கையையும் உள்ளடக்கிய ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்’ வரிசையில் 1930க்கும் 1939க்கும் இடையே ரோவ் வண்டுகளுக்கு மட்டும் நான்கு தொகுதிகள் எழுதினார். 1954இல் அவர் இறந்த பிறகு சேகரிப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சென்றது.

கேமரனின் மாதிரிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சீட்டுகள் மறக்காது. சிறு அட்டையில் ஒட்டிய வண்டு. அதன் கீழே ஊர்ப்பெயர், மலைப்பெயர், உயரம். சிவப்பு விளிம்பிட்ட வட்டச் சீட்டில் மாதிரியின் தகுதி. அதற்கும் கீழே ‘எம். கேமரன் வழங்கிய உயில்கொடை, 1955-147’ என்ற அச்சு. வண்டின் அடிப்பக்கம் பசையில் மறைந்திருக்கும். ஆண் உறுப்பு பெரும்பாலும் எடுக்கப்பட்டிருக்காது. காரணம் எளிது: அவருடைய தொகுதிகளிலுள்ள விவரிப்புகள் பெரும்பாலும் நிறம், புள்ளிகளின் அடர்த்தி, தலைக்கும் மார்புக்கும் உள்ள அகல விகிதம் ஆகியவற்றையே நம்பியிருக்கின்றன. ஷார்ப்பும் மூயிரும் 1912லேயே வண்டுகளின் ஆண் உறுப்புகளை விரிவாக ஒப்பிட்டு எழுதிவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பார்வை விவரிப்புகளின் வழக்கமாக மாற வெகுகாலம் பிடித்தது. விளைவு, கேமரனின் பத்தியை எத்தனை முறை படித்தாலும் உங்கள் கையிலுள்ள வண்டு அவருடையதா இல்லையா என்று பல நேரம் சொல்ல முடியாது. அவருடைய மூலமாதிரியை, அதாவது பெயரிட அவர் அடிப்படையாக வைத்த வண்டையே, ஊறவைத்து, பிரித்து, உறுப்பை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். நிலத் தகராறில் மூலப்பத்திரத்தைப் போல, பெயர்த் தகராறில் கடைசிப் பேச்சு அந்த ஊசியில் இருக்கும் வண்டினுடையது.

அமேசானுக்கும் இதே கதைதான். ஹென்றி பேட்ஸ் 1848 முதல் 1859வரை அங்கே பதினொரு ஆண்டுகள் தங்கி, சுமார் 14,000 பூச்சியினங்களைச் சேர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அமேசான் ரோவ் வண்டுகள் பற்றி டேவிட் ஷார்ப் 1876இல் எழுதிய பெரிய கட்டுரை அத்தகைய சேகரிப்புகளிலிருந்து பிறந்தது. பிரேசிலின் வண்டுக்குப் பெயரிட லண்டன் போக வேண்டும். நீலகிரியின் வண்டுக்கும் லண்டன் போக வேண்டும். காலனியக் காலம் முடிந்து முக்கால் நூற்றாண்டு ஆகியும் ஒப்பிடும் இடம் மாறவில்லை. இதை ஒரு புகாராக மட்டும் சொல்லவில்லை. அந்த அருங்காட்சியகங்கள் கரையானும் பூஞ்சையும் அண்டாமல் இவற்றை 150 ஆண்டுகள் காத்திருக்கின்றன. அந்த உழைப்பு இல்லாவிட்டால் இன்று ஒப்பிடவே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

காத்தல் மட்டும் போதாது என்பதற்கும் அதே லண்டனில் சான்று உண்டு. பீகிள் கப்பல் பயணத்தில் 1832இல் அர்ஜென்டினாவின் பஹியா பிளாங்காவில் சார்லஸ் டார்வின் ஒரு ரோவ் வண்டைப் பிடித்தார். தலையும் மார்பும் நீலப்பச்சையாக மின்னும் அழகான வண்டு. உணர்கொம்பு ரம்பப்பல்லாக இருக்கும். அது லண்டன் அருங்காட்சியகத்தில் வகைப்படுத்தாத மாதிரிகளோடு கலந்து கிடந்தது. டென்னஸியில் பணியாற்றும் ஸ்டிலியானோஸ் கட்ஸிமனோலிஸ் இரவல் கேட்டு வாங்கிய மாதிரிகளுக்கு நடுவே அதைக் கண்டார். 2014 பிப்ரவரி 12, டார்வினின் பிறந்தநாளில், டார்வினிலஸ் செடாரிசி என்று புதிய பேரினமாகவும் புதிய இனமாகவும் அது வெளியானது. இரண்டாம் பாதி, நகைச்சுவை எழுத்தாளர் டேவிட் செடாரிஸின் பெயர். அந்த இனத்துக்கு அப்போது அறியப்பட்டிருந்த இன்னொரு மாதிரி, 1935க்கு முன் கோர்டோபா மாகாணத்தின் ரியோ குவார்ட்டோவில் பிடிக்கப்பட்டது; அது பெர்லினில் இருந்தது. 182 ஆண்டுகளும் அந்த வண்டு தொலைந்துபோகவில்லை, பாதுகாப்பாகவே இருந்தது. அதைப் பார்க்கத் தெரிந்தவர் அதன் முன்னால் உட்காரவில்லை, அவ்வளவுதான். கட்ஸிமனோலிஸ் அதைக் கண்டதும் புதியது என்று அறிந்ததற்குக் காரணம், அமெரிக்க வெப்பமண்டலத்தில் செழித்த ஸாந்தோபைஜினா என்ற துணைக்கூட்டத்தை அவர் ஆண்டுக்கணக்கில் முழுமையாக ஆராய்ந்துகொண்டிருந்ததுதான். சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் அறிந்தவருக்கே ஒன்று விலகி நிற்பது கண்ணில் படும்.

டார்வினின் வண்டு விதிவிலக்கு என்று தோன்றலாம், ஆனால் அப்படி இல்லை. 2012இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் புதிதாக விவரிக்கப்பட்ட பல்வகை உயிரினங்களின் மாதிரிகளை ஆராய்ந்து, ஒரு மாதிரி பிடிபட்ட நாளுக்கும் பெயர் பெறும் நாளுக்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் ஓடுகின்றன என்று கணக்கிட்டார்கள். காட்டிலிருந்து வந்து இருபது ஆண்டுகள் அலமாரியில் இருப்பதுதான் நடைமுறை. புதிய பயணங்களுக்குப் பணம் தேடுவோர், இருக்கும் அலமாரிகளைத் திறக்கவும் அதில் பாதியைச் செலவிடலாம்.

ஒப்பிடுவது ஏன் ஒரு நிபுணரின் வேலையாகவே இருக்கிறது என்பதற்கு எறும்புகளோடு வாழும் ரோவ் வண்டுகள் நல்ல பாடம். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் தென்னமெரிக்காவிலும் படையெறும்புகளின் கூட்டத்தோடு கூடவே நடந்து, அவற்றின் உணவை உண்டு, அவற்றைப் போலவே இடை ஒடுங்கி, நீண்ட கால்களோடு இருக்கும் வண்டுகள் உண்டு. ஒரே மாதிரி இருப்பதால் எல்லாம் ஒரு குடிவழி என்று நினைக்கத் தூண்டும். முனெதோஷி மருயாமாவும் ஜோசப் பார்க்கரும் 2017இல் மரபணுக்களை ஒப்பிட்டு, இந்த எறும்புத் தோற்றம் குறைந்தது 12 முறை தனித்தனியாகத் தோன்றியது என்றும், அந்த வழிகள் பிரிந்து சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்றும் காட்டினார்கள். தோற்றம் இவ்வளவு ஏமாற்றும் இடத்தில், ஒரு புகைப்படத்தை வைத்து ‘இதற்கு அது உறவு’ என்று சொல்வது ஆபத்து. கரையானோடு வாழ்பவை இன்னும் விசித்திரம். ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியிலிருந்து 2023இல் விவரிக்கப்பட்ட ஆஸ்ட்ரோஸ்பிராக்தா கரிஜோயி என்ற ரோவ் வண்டுக்கு வயிறு ஊதிப் பெருத்து, மேலே மடங்கி, முதுகின் மீது ஒரு பொய்க் கரையானாக நிற்கிறது. கால்களையும் உணர்கொம்புகளையும் ஒத்த சவ்வு நீட்சிகள்கூட அதில் உண்டு. கரையான்கள் தமக்குள் வாயோடு வாய் ஊட்டிக்கொள்ளும் உணவை இது அப்படி ஏமாற்றிப் பெறுகிறது என்பது விவரித்தவர்களின் கருத்து. இதைப் புதிய இனம் என்று சொல்ல அவர்களுக்கு ஒப்பிட வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: 1973இல் வாட்சன் விவரித்த, அந்தப் பேரினத்தின் முந்தைய ஒரே இனம். அரிதான பேரினங்களில் பெயரிடல் எளிது. செய்தித்தாள்களில் வரும் புதிய இனங்கள் பெரும்பாலும் இத்தகையவைதான். நூற்றுக்கணக்கான பழைய பெயர்கள் குவிந்த பேரினத்தில் கடினப்பட்டு வரும் 301ஆவது இனம் செய்தியாவதில்லை.

பெயரிடும் சட்டம் இதில் என்ன கேட்கிறது? வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாகவே கேட்கிறது. வேறுபடுத்தும் பண்புகளைச் சொல்லும் ஒரு விவரிப்பு வேண்டும். 1999க்குப் பிறகு வெளியானவை என்றால் ஹோலோடைப் எனும் தனி மூலமாதிரியையோ மாதிரித் தொகுதியையோ வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். 2012 முதல், இணையத்தில் மட்டும் வெளியிடுவோர் ஸூபேங்க் பதிவேட்டில் பதிய வேண்டும். விவரிப்பு நல்லதா, பழைய மூலமாதிரிகளைப் பார்த்தார்களா என்று சட்டம் கேட்பதில்லை. அதை அறிவியலின் மனசாட்சிக்கு விட்டிருக்கிறது. சரியான ஏற்பாடுதான், ஆனால் அவசரக்காரருக்கு அதில் பெரிய வாசல் திறந்திருக்கிறது.

அந்த வாசல் வழியே வந்த இரண்டு சர்ச்சைகள் முக்கியமானவை. 2015இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்று, மாதிரியே கைவசம் இல்லாமல், புகைப்படங்களை மட்டும் கொண்டு புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 493 வகைப்பாட்டியலாளர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். புகைப்படத்தை ஊறவைத்துப் பிரிக்க முடியாது. நாளை ஒருவர் நாம் நினைத்தே பார்க்காத பண்பு ஒன்றைக் கேட்டால் அந்தப் படம் பதில் சொல்லாது. இரண்டாவது இன்னும் சிக்கலானது. 2021இல் கோஸ்டா ரிகாவின் ஒட்டுண்ணிக் குளவிகள் 403 இனங்களை, இனங்காணப் பயன்படும் சிறு மரபணுத் துண்டான டிஎன்ஏ குறியீட்டு வரிசையையும் ஒரு படத்தையும் முதன்மையாகக் கொண்டு, ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். காடு காத்திருக்காது, ஆகவே நாமும் காத்திருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அந்தத் துடிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் குறியீட்டைக் குறியீட்டோடு மட்டுமே ஒப்பிட முடியும். 1859இல் அட்டையில் ஒட்டிய வண்டின் டிஎன்ஏ சிதைந்திருக்கும். இன்றைய கருவிகள் சிலவற்றில் துண்டுகளை மீட்டாலும் எல்லா மூலமாதிரிகளுக்கும் அது இன்னும் செய்யப்படவில்லை. பழைய பெயர்கள் குறைவாக உள்ள கூட்டத்தில் குறியீட்டு வழி அதிகம் இடிபடாது. ஆயிரக்கணக்கான பழைய பெயர்கள் உள்ள ரோவ் வண்டுகளில் அதே வழியைப் பின்பற்றினால், கிராட்ஸின் பெயர்கள் ஒரு பட்டியலிலும் குறியீட்டுப் பெயர்கள் இன்னொரு பட்டியலிலும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். ஒரே வண்டுக்கு இரண்டு பெயர் இருக்கும். அது தெரிய வழியும் இருக்காது.

நடுவழியும் உண்டு. நியூ கினித் தீவின் ட்ரைகோனாப்டெரஸ் கூன்வண்டுகளில் 101 புதிய இனங்களை அலெக்ஸாண்டர் ரீடலும் குழுவினரும் 2013இல் ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். குறியீடு இருந்தது, கூடவே ஒவ்வொன்றுக்கும் ஹோலோடைப், ஆண் உறுப்பின் படம், சுருக்கமான வேறுபடுத்தும் குறிப்பு எல்லாம் இருந்தன. இத்தனை இனங்களுக்கும் பெயர் தேடிக் கண்டுபிடிக்க பப்புவா நியூ கினியின் தொலைபேசிப் புத்தகத்தைக்கூடப் புரட்டினார்கள். வேகமும் பொறுப்பும் சேர்ந்து போக முடியும் என்பதற்கு அதுவே சான்று.

எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. புதிய இனத்தைத் தனியாக விவரிப்பதற்கும், அது சேர்ந்த பேரினத்தை ஒரு நிலப்பகுதி முழுமைக்கும் மீளாய்வு செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. மீளாய்வு செய்பவர் பழைய மூலமாதிரிகள் அனைத்தையும் பார்க்கிறார். எந்தெந்தப் பெயர்கள் ஒன்றையே குறிக்கின்றன என்று தீர்க்கிறார். எல்லாவற்றுக்கும் உறுப்பை வரைகிறார். இறுதியில் ஒரு திறவுகோல் எழுதுகிறார். அதை வைத்துக்கொண்டு அடுத்த மாணவர் லண்டன் போகாமலே தன் வண்டை இனங்காணலாம். தனியாக ஒரு புதிய இனத்தை மட்டும் சேர்ப்பவர் அடுத்தவர் பார்க்க வேண்டிய மூலமாதிரிகளில் ஒன்றைக் கூட்டிவிட்டுப் போகிறார். ஒப்பிடும் சுமையை ஒரு வேலை குறைக்கிறது, மற்றது ஏற்றுகிறது. ஆனால் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வுக்கும் நிதிக்கும் எண்ணப்படுவது கட்டுரைகளின் எண்ணிக்கை. பத்து ஆண்டுகள் எடுக்கும் 300 பக்க மீளாய்வு ஒன்று. இரண்டிரண்டு பக்கத்தில் வரும் சிறு விவரிப்புகள் இருபது. இளைஞர் எதைத் தேர்வார் என்று கேட்கவே தேவையில்லை. வகைப்பாட்டியலின் முதன்மை இதழான ஸூடாக்ஸாவையே 2020இல் மேற்கோள் தரவரிசைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்: தன்னையே மிகுதியாக மேற்கோள் காட்டுகிறது என்று காரணம். உலகின் புதிய விலங்கினங்களில் கணிசமான பங்கை வெளியிடும் இதழ் வேறு எதை மேற்கோள் காட்டும்? உலகெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் இந்தத் துறையின் உழைப்பை அளக்க அந்த அளவுகோல் பயன்படாது என்பது வெளிச்சமாகிவிட்டது.

மாதிரிகள் பயணிப்பதும் கடினமாகிவிட்டது. 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையும் அதற்கு முன்பே வந்த இந்தியாவின் உயிரியல் பன்முகச் சட்டம் 2002உம் ஓர் அநீதியை எதிர்த்து எழுந்தவை. காலனிகளாக இருந்த நாடுகளின் உயிர்ச்செல்வத்தை மற்றவர் எடுத்துச் சென்று லாபம் பார்த்தார்கள், அதைத் தடுக்க இவை வந்தன. இந்தியச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, புதிதாகக் கண்டறிந்த எந்த இனத்தின் மாதிரியையும் நாட்டின் குறிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. இது மிகச் சரி. அடுத்த தலைமுறை டேராடூனிலோ கொல்கத்தாவிலோ மூலமாதிரியைப் பார்க்க இயலும். சிக்கல் இரவலில் வருகிறது. ஒரு கூட்டத்தை உலகளவில் அறிந்தவர் நான்கைந்து பேர் மட்டுமே இருக்கும் துறையில், அவர்களில் ஒருவருக்கு மாதிரி அனுப்ப அனுமதி, ஒப்பந்தம், மீண்டும் அனுமதி என்றால் ஒப்பீடு நின்றுவிடும். கேரளத்தின் கே. டி. பிரதாபன், இலங்கையின் ரோஹன் பெதியகொட உள்ளிட்டோர் 2018இல் சயன்ஸ் இதழில் இதைத்தான் எழுதினார்கள். 35 நாடுகளைச் சேர்ந்த 172 பேர் உடன் கையெழுத்திட்டார்கள். லாபத்துக்கு எடுத்துச் செல்பவரையும் பெயரிட எடுத்துப் பார்ப்பவரையும் ஒரே படிவத்தில் அடைக்கக் கூடாது என்ற அவர்கள் வாதத்துக்கு இன்றும் நல்ல பதில் வரவில்லை. இரவல் போகும் வழியிலும் ஆபத்து உண்டு. பாரிஸிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு இரவல் சென்ற நூறுக்கும் மேற்பட்ட பழைய உலர்தாவர மாதிரிகளை, ஆவணம் குறைவு என்று உயிரிப் பாதுகாப்பு அதிகாரிகள் எரித்துவிட்ட செய்தி 2017இல் வெளிவந்தது. வைத்திருக்கும் இடத்திலும் ஆபத்து உண்டு: அடுத்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் தீப்பிடித்தபோது அங்கிருந்த பூச்சிச் சேகரிப்பு ஏறத்தாழ முழுவதும் போயிற்று. வெப்பமண்டலத்திலேயே வைத்துக் காப்பது என்றால் தீயணைப்புக்கும் குளிர்சாதனத்துக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதும் அதில் சேர்ந்ததுதான்.

நம் பகுதிக்கு இதில் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், பெடரஸ் பேரினத்தில் என்பேன். நெல்வயல் ஓரத்தில் மழைக்காலத்தில் விளக்கொளிக்கு வரும் ஆரஞ்சும் கருநீலமுமான மெலிந்த வண்டு அது. வயலில் புகையான் உள்ளிட்ட பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறது. வீட்டில் தோள்மீது உட்கார்ந்ததை அறியாமல் நசுக்கிவிட்டால் மறுநாள் தீக்காயம்போலத் தடித்துக் கொப்புளிக்கும். காரணம் பெடரின் என்ற நஞ்சு. அதை வண்டு தானே செய்வதில்லை. அதன் உடலில் வாழும் சூடோமோனாஸ் வகை பாக்டீரியா செய்கிறது என்று யோர்ன் பீல் 2002இல் மரபணுச் சான்றோடு காட்டினார். அந்த பாக்டீரியா எல்லாப் பெண் வண்டுகளிலும் இருப்பதில்லை; இருக்கும் தாய் அதை முட்டையோடு சந்ததிக்குத் தருகிறாள். உலகில் பெடரஸ் வகையில் 600 அளவில் இனங்கள் பெயர் பெற்றிருக்கின்றன. தோல் புண்ணோடு தொடர்புபடுத்தப்பட்டவை 20 அளவில் என்று ஃபிராங்க்கும் கனமிட்சுவும் 1987இல் தொகுத்தார்கள். மருத்துவக் கட்டுரைகள் பெரும்பாலும் பெடரஸ் என்ற பேரினப் பெயரோடு நின்றுவிடுகின்றன. அல்லது பரவலாக அறியப்பட்ட ஃபுஸ்கிபெஸ் என்ற பெயரை ஒட்டிவிடுகின்றன. எந்த இனம் எந்த ஊரில் விளக்குக்கு வருகிறது, எதில் நஞ்சு அதிகம், எது வயலில் மட்டும் தங்குகிறது என்று அறிய முதலில் இனங்களைப் பிரித்தறிய வேண்டும்.

இதற்கு வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. வேளாண் கல்லூரிகளின் விளக்குப்பொறிகளில் ஆண்டுதோறும் இவை வந்து விழுகின்றன. அவற்றைத் தேதியும் ஊரும் எழுதிய சீட்டோடு சேர்க்க வேண்டும். ஆண்களைப் பிரித்து உறுப்பை வரைய வேண்டும். ஒருவர் லண்டனுக்கும் சிகாகோவுக்கும் ம்யூன்ஷபெர்க்குக்கும் போய்ப் பழைய மூலமாதிரிகளை அவற்றின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். கூடவே ஒன்று: தோல் மருத்துவரிடம் நோயாளி கொண்டுவரும் வண்டு பெரும்பாலும் நசுங்கிய துண்டாகத்தான் இருக்கும், அதில் ஆண் உறுப்பைத் தேட முடியாது. ஆகவே இந்த மீளாய்வு ஒவ்வொரு இனத்துக்கும் உறுப்பின் படத்தோடு டிஎன்ஏ குறியீட்டையும் எடுத்து, இரண்டையும் பழைய மூலமாதிரியின் பெயரோடு கட்டிவைக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு காலும் பாதி வயிறும் மட்டும் மிஞ்சிய வண்டுக்கும் சரியான பெயர் சொல்லிவிடலாம்.